வீட்டுக் குளிர்சாதனப்பெட்டி வீதிக்கு வரலாமா?

அதிகாலை மூன்று மணியிருக்கும். கனடாவின் சுப்பீரியர் ஏரிக்கரையில், ஊசியிலை மரங்களுக்கு நடுவே நிறுத்தப்பட்டிருந்த நண்பரின் வாகனத்துள் நான் அரைத் தூக்கத்தில் படுத்திருந்தேன். எங்கோ ஒரு கருவி விட்டுவிட்டுக் கீச்சிட்டது. முதலில் ஏதோ இரவுப் பறவை என்றே நினைத்தேன். சிறிது நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றுபோயிற்று. அதன் பின்னர் நிலவிய அமைதியில்தான் வழமையாகக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு ஓசையும் இல்லாமற்போனதை உணர்ந்தேன். குளிர்சாதனப்பெட்டியின் மெல்லிய இரைச்சல்தான் அது.

நண்பரின் மனைவி எனக்கு முன்னரே விழித்துவிட்டார். "தம்பி, பிரிஜ் நிண்டு போச்சுப் போல கிடக்கு. என்ர இன்சுலின் எல்லாம் உள்ளுக்கை இருக்கு" என்றார். பகல் வெளிச்சத்தில் சிறிய விடயமாகத் தோன்றக்கூடிய அந்த வார்த்தைகள், அருகிலுள்ள மருந்தகம் ஒரு மணித்தியால ஓட்டத் தொலைவில் இருந்த அந்த இருட்டில் அவ்வாறு தோன்றவில்லை.

இது நடந்தது 2019 ஜூலை மாதத்தில். அன்றிலிருந்து இந்த விடயத்தைப் பற்றி எழுதவேண்டுமென்று நினைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் எனது நண்பர்கள் சிலர் ஓய்வுபெற்றதும் ஆர்.வி. எனப்படும் வீட்டு வாகனங்களை வாங்கிக்கொண்டு ஊர் சுற்றப் புறப்பட்டிருக்கிறார்கள். அவர்களிடையே மீண்டும் மீண்டும் எழும் கேள்வி ஒன்று உண்டு. வாகனத்துடன் வரும் எரிவாயுக் குளிர்சாதனப்பெட்டியைக் கழற்றிவிட்டு, வீடுகளில் பாவிக்கும் சாதாரணப் பெட்டியை அந்த இடத்தில் வைக்கலாமா என்பதே அது.

எனது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைக்கலாம். பலருக்கு அதுவே சிறந்த தெரிவாகவும் இருக்கும். ஆனால் பெட்டியை மாத்திரம் மாற்றிவிட்டு, அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரப்போகிறது என்ற கணக்கைப் பார்க்காதிருப்பது பெருந்தவறு. அந்தக் கணக்கைச் சொல்லாமல் பெட்டியை விற்பது அதைவிடப் பெரிய தவறு.

நண்பர் முப்பது வருடங்களுக்கு மேல் கணக்காளராகப் பணியாற்றியவர். ஒரு சதம் பிசகினாலும் தூங்கமாட்டார். அவர் வாங்கிய பழைய வாகனத்தில் இருந்த எரிவாயுப் பெட்டி இரண்டாவது கோடையிலேயே குளிர்வதை நிறுத்திவிட்டது. புதிதாக அதே ரகத்தில் ஒன்று வாங்குவதற்கு வீட்டுப் பெட்டியைவிடப் பலமடங்கு விலை கேட்டார்கள். வாகனங்களைத் திருத்தும் நிலையமொன்றில் வீட்டுப் பெட்டியைச் சிபாரிசு செய்தார்கள். "வீட்டில் இருப்பது போலத்தான், வைத்துவிட்டு மறந்துவிடலாம்" என்று சொன்னார்களாம். நண்பரும் வைத்தார், மறந்தார். தனது தொழிலில் எந்தக் கணக்கையும் சரிபார்க்காமல் ஒப்பமிடாத அந்த மனிதர், இந்த ஒரு கணக்கைப் பார்க்கத் தவறிவிட்டார்.

அந்தக் கணக்குக்குள் நுழைவதற்கு முன்னர், கழற்றி வீசப்பட்ட அந்தப் பழைய பெட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். அது ஒன்றும் மட்டமான இயந்திரமல்ல.

1922இல் சுவீடன் தலைநகர் ஸ்டொக்ஹோமில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களாக இருந்த பல்ற்சார் வொன் பிளாற்றன், கார்ல் முன்ரேஸ் என்ற இரு இளைஞர்கள், எந்தப் பாகமும் அசையாமலே குளிரை உண்டாக்கும் ஒரு பெட்டியை வடிவமைத்தார்கள். அதனை எலக்ரோலக்ஸ் நிறுவனம் 1925இல் தனதாக்கிக்கொண்டது. அக்காலத்து ஏனைய குளிர்சாதனப்பெட்டிகளில் நச்சு வாயுக்கள் பயன்பட்டன. அவை கசிந்து மக்கள் இறந்த சம்பவங்களும் உண்டு. அதனால் கவலையுற்ற அல்பேர்ட் ஐன்ஸ்டைனே தமது நண்பர் லியோ சிலார்டுடன் சேர்ந்து அசையும் பாகமில்லாத குளிர்சாதனப்பெட்டியொன்றை வடிவமைத்து, 1930இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார் என்பது பலர் அறியாத செய்தி.

சுவீடன் இளைஞர்களின் பெட்டி இயங்கும் விதம் இதுதான். அமோனியா கலந்த நீரை ஒரு சிறு சுடர் சூடாக்குகிறது. அமோனியா ஆவியாகி மேலே சென்று, குளிர்ந்து திரவமாகிறது. பின்னர் அது ஐதரசன் வாயு நிறைந்த குழாயினுள் இறங்கி மீண்டும் ஆவியாகும்போது, பெட்டியின் உள்ளேயுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியை நீர் மறுபடியும் தன்னுள் வாங்கிக்கொண்டு, புவியீர்ப்பினாலேயே பழைய இடத்துக்கு வழிந்தோடுகிறது. கொம்பிரசர் இல்லை, மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. வெப்பத்தைக் கொடுத்தால் குளிரைத் தரும் விந்தை அது. மின்கம்பியைத் தமது வீடுகளுக்குள் அனுமதிக்காத அமிஷ் மக்கள் பென்சில்வேனியாவில் இன்றும் இத்தகைய எரிவாயுப் பெட்டிகளைப் பாவிக்கிறார்கள்.

எங்களவர்களுக்கும் இது புதியதல்ல. மின்சாரம் எட்டாத ஊர்களின் மருத்துவ நிலையங்களில் தடுப்பூசி மருந்துகளைக் காத்த மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப்பெட்டிகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. கீழே ஒரு திரி எரிய, மேலே பனிக்கட்டி உறைவதைச் சிறுவயதில் ஆச்சரியத்துடன் பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள்.

ஆர்.வி. வாகனங்களில் இந்தப் பெட்டி பல தசாப்தங்களாக அரசோச்சியதற்குக் காரணம் இலகுவானது. ஒன்பது கிலோ அளவுள்ள ஒரு புரோப்பேன் சிலிண்டர், அதாவது இலங்கைச் சமையலறைகளில் உள்ள 12.5 கிலோ சிலிண்டரைவிடச் சிறியதொன்று, அதனைப் பத்து நாட்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை ஓட்டும். கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மாத்திரம் பற்றரியிலிருந்து சிறிதளவு மின்சாரம் போதும். மின்கம்பமே இல்லாத காட்டில் ஒரு வாரம் தங்க விரும்புபவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்படியானால் மக்கள் ஏன் அதனைக் கைவிடுகிறார்கள்? அதற்கும் நியாயமான காரணங்கள் உள்ளன.

முதலாவது, வாகனம் சமதளத்தில் நிற்கவேண்டும். திரவம் புவியீர்ப்பினால் வழிந்தோடும் இயந்திரமாகையால், சரிவில் நிறுத்திவைத்து ஓட்டினால் ஓட்டம் தடைப்பட்டு, கொதிகலப் பகுதி அளவுக்கு மீறிச் சூடாகிறது. துருவைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்ட இரசாயனம் படிகமாகிக் குழாயை அடைத்துவிடுகிறது. அவ்வாறு அடைபட்டால் பின்னர் திருந்துவதில்லை.

இரண்டாவது, தீ. சூடேறிய குழாயில் வெடிப்பு ஏற்பட்டு ஐதரசனும் அமோனியாவும் வெளியேறும்போது அருகிலேயே சுடர் இருக்கிறது. 2006இலும் 2010இலும் இத்துறையின் இரு பெரும் உற்பத்தியாளர்கள் தீ அபாயம் காரணமாகப் பெருந்தொகையான பெட்டிகளை மீளழைக்க நேர்ந்தது. மரச் சட்டமும் மெல்லிய பலகையும் நுரையும் கொண்டு கட்டப்பட்ட வாகனமொன்றில் தீப்பிடித்தால் வெளியேறுவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வயதானவர்கள் இதனை இலேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

மூன்றாவது, அதன் மந்தம். வெதுவெதுப்பான பெட்டியைக் குளிர்விக்க அரைநாள் முதல் ஒரு நாள் வரை எடுக்கும். வெளியே வெயில் 35 பாகை செல்சியசைத் தாண்டும்போது உள்ளே பால் கெடாமலிருக்குமா என்ற சந்தேகம் எழும். மின்சாரத்தில் ஓட்டினாலும் அது 300 முதல் 400 வாற் வரை இழுத்துக்கொண்டு, வீட்டுப் பெட்டியைவிடப் பலமடங்கு மின்சாரத்தை விழுங்கும்.

நான்காவது, எரிவாயுவுடன் பயணம் செய்வதிலுள்ள சட்டங்கள். படகுச் சேவைகளில் ஏறும்போது எரிவாயுவை அடைக்கச் சொல்வார்கள். அமெரிக்காவின் பால்ற்றிமோர் துறைமுகத்தின் கீழ்ச் செல்லும் சுரங்கப்பாதைகளில் ஆர்.வி. வாகனங்களின் புரோப்பேன் சிலிண்டர்களுக்கு அனுமதியே இல்லை. சுற்றிப் போகவேண்டும்.

இவற்றோடு ஒப்பிடும்போது வீட்டுப் பெட்டியின் சிறப்புகள் தெளிவானவை. மலிவானது. அதே இடத்தில் கூடுதல் கொள்ளளவு. சில மணித்தியாலங்களில் குளிர்ந்துவிடும். ஐஸ்கிறீம் கல்லுப்போல இறுகும். சற்றுச் சரிவில் நின்றாலும் முணுமுணுக்காது. சுடர் இல்லை, அமோனியா இல்லை. புதிய பெட்டிகளில் ஐசோபியூட்டேன் என்ற எரியக்கூடிய வாயு உண்டு என்றாலும், அது மூடிய குழாயினுள் சில பத்துக் கிராம்கள் அளவே இருக்கும்.

இத்தனை நன்மைகளையும் விற்பனையாளர்கள் சொல்வார்கள். அவை பொய்யுமல்ல. அவர்கள் சொல்லாமல் விடுவது, பழைய பெட்டி தனது உணவைச் சிலிண்டரிலிருந்து எடுத்துக்கொண்டது, புதிய பெட்டிக்கு நீங்கள்தான் ஊட்டவேண்டும் என்பதை.

இனிக் கணக்கு. மின்சாரக் கட்டணச் சிட்டையில் வரும் அலகு, அதாவது ஒரு கிலோவாற் மணித்தியாலம், எல்லோருக்கும் தெரிந்ததாகையால் அதிலேயே கணிப்போம்.

நடுத்தர அளவுள்ள, 18 கனஅடிக் கொள்ளளவு கொண்ட ஒரு வீட்டுப் பெட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 400 அலகுகள் பாவிக்கும். நாளொன்றுக்கு ஓர் அலகைச் சற்றுத் தாண்டும். வாகனத்தினுள் வெப்பம் அதிகம், கதவும் அடிக்கடி திறபடும். எனவே 1.2 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பற்றரியில் இருப்பது 12 வோல்ற் நேரோட்ட மின்சாரம். வட அமெரிக்க வீட்டுப் பெட்டிக்கு வேண்டியது 120 வோல்ற் ஆடலோட்ட மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இன்வேர்ட்டர் தனது தரகுக்கூலியை எடுக்காமல் விடாது. மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு போகும். பெட்டி ஓய்ந்திருக்கும் வேளையிலும் இன்வேர்ட்டர் விழித்திருக்கவேண்டும். அதற்கு 15 முதல் 20 வாற் வரை. 24 மணித்தியாலத்துக்கு அதுவே கிட்டத்தட்ட அரை அலகாகிவிடும். ஆக மொத்தம் நாளொன்றுக்கு 1.5 அலகுக்கு மேல். பற்றரியின் மொழியில் சொன்னால், அண்ணளவாக 130 அம்பியர் மணித்தியாலம்.

நண்பரின் வாகனத்தில் இருந்தவை இரண்டு ஈயப் பற்றரிகள். இரண்டும் சேர்ந்து 220 அம்பியர் மணித்தியாலம். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே வடிய விட்டால் அதன் ஆயுள் விரைவாகத் தேயும். எனவே உண்மையில் கையிலிருந்தது 110. வரவு 110, செலவு 130. இதற்கு மேல் விளக்கு, நீர்ப்பம்பி, குளிர் இரவில் சூட்டடுப்பின் காற்றாடி. அந்தக் காற்றாடி மாத்திரமே ஓடும்போது எட்டு அம்பியர் வரை இழுக்கும். ஜூலை மாதமானாலும் சுப்பீரியர் ஏரிக்கரையின் இரவுகள் குளிரானவை. எழுபது வயதைத் தாண்டியவர்கள் சூட்டடுப்பைப் போடாமல் படுப்பதில்லை.

மின்னிணைப்புள்ள தரிப்பிடங்கள் முற்பதிவாகிவிட்டதால், இணைப்பில்லாத இடமே எங்களுக்குக் கிடைத்தது. நாள் முழுவதும் ஓடிவந்த இயந்திரம் பற்றரிகளை நிரப்பியிருந்தது. முதலாம் இரவு தப்பினோம். மறுநாட் காலை ஜெனரேற்றரை இரண்டு மணித்தியாலம் ஓட்டினோம். அதனால் எல்லாம் நிரம்பிவிட்டதென்று நண்பர் நம்பினார். ஈயப் பற்றரி அப்படி நிரம்புவதில்லை. ஆரம்பத்தில் விரைவாக வாங்கும், பின்னர் பசியடங்கிய குழந்தையைப் போல மெதுவாகக் குடிக்கும். முழுதாக நிரம்பப் பல மணித்தியாலங்கள் வேண்டும். இரண்டாம் இரவு, மூன்று மணிக்கு, பற்றரியின் அழுத்தம் எல்லைக்குக் கீழே இறங்கியது. இன்வேர்ட்டர் கீச்சிட்டு எச்சரித்துவிட்டுத் தன்னை நிறுத்திக்கொண்டது. அது செய்ததுதான் சரி.

ஜெனரேற்றரை அந்நேரத்தில் ஓட்டியிருக்கலாமே என்று கேட்கக்கூடும். பூங்காவில் இரவு அமைதி நேரம் விதிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் சரியானதே. பக்கத்துக் கூடாரத்தில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கவனயீனத்துக்காக அவர்களை எழுப்ப எங்களுக்கு உரிமை இல்லை.

எவரும் கதவைத் திறக்கவேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். மின்சாரம் நின்ற குளிர்சாதனப்பெட்டி, கதவு மூடியிருந்தால் நான்கு மணித்தியாலம் வரை உணவைக் காக்கும் என்பது பொதுவான விதி. அக்கா கதிரையில் அமர்ந்தபடியே விடியும்வரை விழித்திருந்தார். நண்பர் ஒரு கடதாசியை எடுத்து, நான் மேலே சொன்ன கூட்டல் கழித்தலைக் கைமின்விளக்கு வெளிச்சத்தில் போட்டுப் பார்த்தார். போட்டு முடித்ததும் பேனையை மூடி வைத்துவிட்டு, "இதை வாங்கேக்கை பார்த்திருக்க வேணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

காலையில் அமைதி நேரம் முடிந்த பின்னரும் ஜெனரேற்றர் உடனே இயங்க மறுத்து எங்களைச் சோதித்தது. கடைசியில் பெட்டியைத் திறந்தபோது உள்ளிருந்த வெப்பமானி ஒன்பது பாகை காட்டியது. ரொறன்ரோவிலிருந்து சமைத்துக் கொண்டுவந்த அறக்குளா மீன்குழம்பும் பாலும் குப்பைத்தொட்டிக்குச் சென்றன. கெட்டுப்போகக்கூடிய உணவு நான்கு பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக இருந்திருந்தால் அதை உண்ணக்கூடாதென்பது சுகாதாரத் துறையினரின் அறிவுரை. எவ்வளவு நேரம் அவ்வாறு இருந்ததென்று எங்களுக்குத் தெரியாது. மணந்து பார்த்துத் தீர்ப்பு வழங்கும் எங்கள் ஊர் முறையை நம்பி, எழுபது வயதுக்காரர் மூவர் காட்டுக்குள் வயிற்றைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

இன்சுலினை எடுத்துக்கொண்டு வாவா நகரத்து மருந்தகத்துக்குச் சென்றோம். நகரவாயிலில் நிற்கும் பிரமாண்டமான வாத்துச் சிலையை வேறொரு நாளாயிருந்தால் இறங்கிப் பார்த்திருப்போம். மருந்தாளர் பொறுமையாக விளக்கினார். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்கவேண்டும். சில மணித்தியாலம் அதற்குச் சற்று மேலே போனதால் அது நஞ்சாகிவிடாது. அறை வெப்பநிலைக்கு வந்துவிட்ட பெரும்பாலான வகைகளை நான்கு வாரமளவில் பாவித்து முடித்துவிடவேண்டும். வகைக்கு வகை இது வேறுபடும் என்பதால் மருந்தாளரிடம் கேட்பதே முறை. எல்லாவற்றிலும் முக்கியமாக, உறைந்துபோன இன்சுலினை ஒருபோதும் பாவிக்கக்கூடாது என்றார் அவர். அக்காவின் பெட்டிகளில் திகதியைக் குறித்துக் கொடுத்தார். கையிலிருந்தது ஆறு வாரங்களுக்கான மருந்து. நான்கு வாரத்துக்குப் பிறகு எஞ்சியது வீண்.

பெரிய அனர்த்தம் எதுவும் நிகழவில்லை. கொஞ்சம் மருந்து, கொஞ்சம் மீன், ஓர் இரவுத் தூக்கம், அவ்வளவுதான். ஆனால் அது அரிசோனாப் பாலைவனமாக இருந்திருந்தால்? அல்லது நாங்கள் மூவரும் விழிக்காமல் விடியும்வரை தூங்கியிருந்தால்? அதிர்ஷ்டத்தை ஏற்பாடு என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு.

சரி, ஒருவர் என்ன செய்யவேண்டும்? எனது கருத்தில், எந்தப் பெட்டி சிறந்தது என்பதல்ல முதற்கேள்வி. தொடர்ச்சியாக எத்தனை இரவுகள் மின்கம்பத்திலிருந்து விலகியிருக்கப் போகிறீர்கள் என்பதே முதற்கேள்வி.

ஒவ்வோர் இரவும் மின்னிணைப்புள்ள தரிப்பிடத்தில் தங்குபவராயின், வீட்டுப் பெட்டியைத் தயக்கமின்றி வைக்கலாம். பகலில் பயணம் செய்யும் சில மணித்தியாலங்களுக்கு மாத்திரம் பற்றரி கைகொடுத்தால் போதும். இயந்திரமும் அதனை நிரப்பிக்கொண்டிருக்கும்.

இரண்டு மூன்று இரவுகள் காட்டில் தங்குபவராயின், பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் கூடுதலான பணத்தைப் பற்றரிக்கு ஒதுக்கவேண்டும். ஈயமானால் நான்கு பற்றரிகளாவது வேண்டும். லிதியம் இரும்புப் பொஸ்பேற் வகையானால், அதன் கொள்ளளவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பாவிக்கலாம். விரைவாகவும் நிரம்பும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னூட்டக்கூடாது என்பதைக் கனடாவில் வாழ்வோர் மறக்கக்கூடாது. கூரையில் 400 வாற் சூரியத் தகடுகள் நல்ல கோடை நாளில், இழப்புகள் போக, ஓர் அலகுக்குச் சற்று மேல் தரக்கூடும். அதுவும் வெயில் விழும் இடத்தில் நிறுத்தினால்தான். நிழலைத் தேடி மரத்தின் கீழ் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கூரைத் தகட்டிடம் மின்சாரம் கேட்பது வேடிக்கையானது.

வாரக்கணக்கில் விலகியிருப்பவராயின், ஒன்றில் பழைய எரிவாயுப் பெட்டியை மதித்து, சமதளத்தில் நிறுத்தி, வருடாவருடம் பரிசோதித்து வைத்துக்கொள்ளலாம். அல்லது மூன்றாவது வழியொன்று உண்டு. நேரடியாக 12 வோல்ற்றில் இயங்கும் கொம்பிரசர் பெட்டிகள் இப்போது புதிய வாகனங்களில் பரவலாக வருகின்றன. இன்வேர்ட்டர் என்ற தரகர் நடுவில் இல்லை. விலை அதிகந்தான். ஆனால் சிறிய பற்றரியோடு வாழ்பவருக்கு நியாயமான விலை.

வீட்டுப் பெட்டியையே தெரிபவர்கள் கவனிக்கவேண்டியவை இன்னும் சில. இன்வேர்ட்டர் வீட்டு மின்சாரத்தைப் போன்ற தூய அலைவடிவம் தருவதாக இருக்கவேண்டும். கொம்பிரசர் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மேலதிக மின்னையும், தானாகப் பனி கரைக்கும் சூடாக்கி அவ்வப்போது இழுக்கும் சில நூறு வாற்றையும் அது தாங்கவேண்டும். பெட்டியின் கால்களைத் தரையோடு பிணைக்கவேண்டும். கதவுகளுக்குக் கொளுவி போடவேண்டும். வீட்டுப் பெட்டி வளைவில் திரும்பும் வீதிக்காகச் செய்யப்பட்டதல்ல. பழைய எரிவாயுக் குழாயை உரிமம் பெற்ற ஒருவரே அடைத்துக் கசிவு பார்க்கவேண்டும். பழைய பெட்டிக்காக வெட்டப்பட்டிருந்த காற்றுத் துவாரங்களையும் சரிவர மூடவேண்டும். உத்தரவாதப் பத்திரத்தில் வீட்டுப் பாவனைக்கு மாத்திரம் என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து வைத்திருப்பவர்கள் உள்ளே ஒரு வெப்பமானியும், மருந்துக்கென்று தனியாகச் சிறியதொரு குளிர்ப்பையும் வைத்திருப்பது நல்லது. மருந்தைப் பின்சுவரோடு ஒட்டி வைக்கவேண்டாம். அங்கேதான் அது உறையும்.

இவற்றுள் எதுவும் இரகசியமல்ல. விற்பவர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடியவை. 'எத்தனை பற்றரி வைத்திருக்கிறீர்கள்? எங்கே தங்குவீர்கள்? வீட்டில் யாருக்காவது மருந்து குளிரில் வைக்கவேண்டுமா?' என்ற மூன்று கேள்விகள் போதும். அவை கேட்கப்படுவதில்லை, ஏனெனில் விற்கப்படுவது பெட்டியல்ல, வீட்டைவிட்டு வெளியேறினாலும் வீட்டின் சௌகரியம் குறையாது என்ற எண்ணம். ஓய்வூதியத்தில் பெரும்பங்கைக் கொடுத்து வாகனம் வாங்கும் முதியவர்களிடம் அந்த எண்ணத்தை மாத்திரம் விற்பது நேர்மையான வியாபாரமல்ல என்பதே எனது நிலைப்பாடு. வாங்குபவர்களாகிய எங்களுக்கும் பொறுப்புண்டு. கேட்காதவனுக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

நாங்கள் இந்தக் கணக்கை அறியாதவர்களல்லர் என்பதுதான் எனக்கு வேதனை. 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமின்றி வாழ்ந்தவர்கள், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதித்துழற்றிய டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள். மண்ணெண்ணெயைப் போத்தல் மூடியால் அளந்தவர்கள். இன்சுலின் குப்பியைத் துணியில் சுற்றி மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியில் வைத்துக் காப்பாற்றிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டபோது, எரிவாயுச் சிலிண்டருக்கும் வரிசையில் நின்றவர்கள் அதே பாடத்தை மறுபடியும் படித்தார்கள். சுவரில் உள்ள துளையிலிருந்து மின்சாரம் தானாக வருவதில்லை. யாரோ எங்கோ அதனை உண்டாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு வாகனத்தில் அந்த 'யாரோ' நீங்கள்தான்.

நண்பர் அந்தப் பயணம் முடிந்து திரும்பியதும் வீட்டுப் பெட்டியைக் கழற்றவில்லை. கழற்றவேண்டிய தேவையும் இருக்கவில்லை. லிதியம் பற்றரிகளும் கூரைத் தகடுகளும் பொருத்தினார். எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று காட்டும் சிறிய மானியொன்றையும் சமையல் மேடைக்கு மேலே வைத்தார். இப்போது காலையில் எழுந்ததும் தேநீருக்கு முன்னர் அதைப் பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொள்கிறார். கொப்பியில் இரண்டு நிரல்கள் உண்டு, வரவு, செலவு. பழைய தொழில் திரும்பக் கிடைத்துவிட்டதென்று அக்கா கேலி செய்கிறார்.

ஆனாலும் காட்டுக்குப் போகும்போதெல்லாம் தனது இன்சுலினைக் குளிர்ப்பையில் வைத்துக் கையோடு கொண்டுபோகிறார் அக்கா. "உங்கட கொப்பியை நம்பிறன், ஆனா பையும் இருக்கட்டும்" என்கிறார். அவரது கட்சியே எனது கட்சியும்.